ஆவுடையப்பன் முகடு

ஜனவரி 5, திங்கள்

சித்தப்பாவின் உரக்கடையில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். இன்றைக்குத் தண்டுத் துளைப்பான். ஆய்வேட்டைக் கொடுக்கும் வரை விடாமல் எழுதினால், ஒரு மாதம் ஆய்வகக் குடுவைகளை எல்லாம் தானே கழுவுவதாக ஜூனியர் சாலமோன் பந்தயம் கட்டியிருக்கிறான். அவன் கழுவி நான் பார்க்க வேண்டும்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரே தடவை இங்கே எழுதி வைக்கிறேன். பாலிபெப்டைட் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளச் சங்கிலி. அது சும்மா கிடக்காது. சுருண்டுகொள்ளும், இல்லையென்றால் மடிந்து படுக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் அகச்சிவப்பு ஒளியை விட்டால் அதற்குள் இருக்கும் பிணைப்புகள் அதிரும். சுருண்டது ஓர் எண்ணில் அதிரும், மடிந்தது வேறோர் எண்ணில். திரையில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு முகடு எழும், பேச்சில் பீக் என்போம். முகட்டைப் பார்த்து வடிவத்தைச் சொல்வது எங்கள் பிழைப்பு.

ஏழு வருஷத்துக்கு முன் எங்கள் சார், பேராசிரியர் ஆவுடையப்பன், சுருளும் இல்லாமல் மடிப்பும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வடிவத்தைக் கண்டார். அதன் முகடு 1643-ல் எழுந்தது. தண்ணீரும் அங்கேதான் அதிரும், ஆகவே அது ஈரமாக இருக்கும் என்று ஊரே சொன்னது. சார் மாதிரியை வெற்றிடத்தில் வைத்துப் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் உலர்த்தி, பிறகு எடுத்துக் காட்டினார். அப்போதும் முகடு வந்தது. ஆவுடையப்பன் முகடு என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் ஆய்வேடு மொத்தமும் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு சின்னச் சிக்கல். வேறு எந்த ஊரிலும் அது வருவதில்லை. எங்கள் ஆய்வகத்திலும் சார் பக்கத்தில் நின்றால்தான் வரும். கைராசி என்கிறோம். மாதிரி வைக்கும் மேடையில் பொட்டளவு வைரம் ஒன்று பதித்திருக்கும். சார் அதன் மேல் குனிந்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசுவார்.

"வாப்பா ராசா, பயப்படாத. பைய புரண்டு படு பாப்பம்!"

இன்றும் பேசினார். இன்றும் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அளவைக் குறித்தேன்.

ஜனவரி 8, வியாழன்

விடுதியில் தண்ணீர் இல்லை. மூன்று சுடிதார் ஊறியபடியே கிடக்கின்றன.

துறைத்தலைவர் எங்கள் ஏ.சி.யைக் கழற்றித் தன் அறைக்குக் கொண்டுபோகப் பார்த்தார். சார் கருவியின் பக்கத்தில் நின்றே அவரோடு சண்டை போட்டார். "பப்ளிக் பிராப்பர்ட்டிய ஒம்ம பாட்டன் சொத்துன்னு நெனச்சீரா?" என்று கேட்டபோது துறைத்தலைவர் இரண்டடி பின்வாங்கினார். ஏ.சி. பிழைத்தது. அதன்பின் எடுத்த அளவில் முகடு வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. சார் கோபப்படும் நாட்களில் அது உயர்ந்துதான் வருகிறது. பலமுறை கவனித்துவிட்டேன். அத்தியாயத்தில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

சாலமோனுக்கு ஒரு கெட்ட பழக்கம். சார் பேசும்போது ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறான். மரியாதை தெரியாத பயல்.

சார் வீட்டிலிருந்து ஃபோன். ஓய்வு பெறுமுன் பாராட்டு விழா வருகிறது, அதற்குள் முன்பல் இரண்டையும் கட்டிவிட வேண்டுமாம். "இந்த ஓட்டப் பல்ல வச்சிக்கிட்டு மேடையில ஏறுனா நான் வரமாட்டேன்" என்று அவர் மனைவி சொன்னது எங்களுக்கே கேட்டது. ஸ்கூட்டரில் போகும்போது எருமையில் மோதி விழுந்து போன பற்கள் அவை. அதுவும் ஏழு வருஷத்துக்கு முன்தான். "பல்லு போன வருசந்தான் பீக் வந்துச்சு. ஒண்ண எடுத்தா ஒண்ணு குடுப்பான்" என்றார் சார். கண்ணாடியைத் துடைத்தேன்.

ஜனவரி 12, திங்கள்

என் ஆய்வேட்டின் வெளித்தேர்வாளர் சென்னையிலிருந்து அழைத்தார். டாக்டர் அலமேலுமங்கை. குரலில் கஞ்சி போட்ட மொடமொடப்பு.

"உங்க சாம்பிளையே வாங்கி எங்க லேப்ல ரெண்டு வருஷம் ட்ரை பண்ணிட்டேன். வரலை. பிப்ரவரி பன்னிரண்டு நேர்ல வர்றேன். என் கண்ணு முன்னாடி வந்தா கையெழுத்துப் போடறேன். வரலைன்னா போடமாட்டேன்."

கோவில்பட்டிப் பெண்கள் கல்லூரியில் எனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி முடிவதற்குள் ஆய்வேடு ஏற்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். சாரிடம் சொன்னேன்.

"வரட்டுமே! நான் நிக்கேன்லா?" என்றார்.

அதுவும் சரிதான். சார் நின்றால் வரும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஊர். சித்தப்பா கரும்பைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அங்கன நீ என்னதாம்மா பண்ணுத?"

"மூலக்கூறு எப்படி ஆடுதுன்னு பாக்கோம் சித்தப்பா."

"ஆடுறதப் பாக்கவா நாலு வருசம்?"

"அது ஒழுங்கா ஆடமாட்டேங்கு. சார் வந்து சொன்னாத்தான் ஆடும்."

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி எனக்கு இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தாள்.

ஜனவரி 19, திங்கள்

சார் புதுப்பல்லோடு வந்தார். பத்து வயது குறைந்துவிட்டது. பேச்சும் வானொலியில் செய்தி வாசிப்பதுபோலத் தெளிவு. நாங்கள் கைதட்டினோம். சாலமோன் ஃபைலைக் கீழே வைத்துவிட்டு, ஆய்வகத்தில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சாரின் முகத்தை நேராகப் பார்த்தான்.

நாள் முழுவதும் கண்ணாடியைத் துடைக்க வேண்டி வரவில்லை. முகடும் வரவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வரவில்லை.

ஜனவரி 22, வியாழன்

கருவியின் விளக்கை மாற்றினோம். அதற்குள் இருக்கும் கண்ணாடிகளைச் சரிசெய்தோம். ஈரம் உறிஞ்சும் மணிகளை அடுப்பில் வறுத்து நீலமாக்கிப் போட்டோம். சார் குனிந்து, "வாப்பா ராசா, பைய புரண்டு படு" என்று அழகாக, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்தார். திரையில் சுருளின் முகடு மட்டும் தன்னந்தனியாக நின்றது.

"எதையோ மாத்திட்டோம். நாம அறிவியல்காரங்க. ஒவ்வொண்ணா பழைய மாதிரி வைப்போம். ஒரு நாளைக்கு ஒண்ணுதான் மாத்தணும், கேட்டியா?"

ஜனவரி 23, வெள்ளி

கருவியை முன்புபோல வடக்குப் பார்த்துத் திருப்பினோம். பலனில்லை.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. ஆனாலும் வந்தோம். சார் முகடு முதலில் வந்த அன்று போட்டிருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் இரண்டு பொத்தான் சேரவில்லை. அதனால் பலன் கிடைக்காமல் போயிருக்கலாம் என்று சட்டையை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தோம். சாலமோன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வரவில்லை.

ஜனவரி 29, வியாழன்

இந்த மூன்று நாளில் பழைய செருப்பு. பழைய கடைக் காப்பி. பழைய ஸ்கூட்டரை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி ஆய்வக வாசலில் நிறுத்தினோம். சார் எருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார், ஆனால் அதை அவர் அழுத்திச் சொல்லவில்லை, நாங்களும் கேட்காததுபோல இருந்துவிட்டோம்.

மாற்றிப் பார்க்க வேண்டியவை எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார். ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது. பலகை முன்னால் நின்று யோசிக்கும்போது புதுப்பல்லை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

பழைய அளவுகளை முழு நீளத்துக்கும் விரித்துப் பார்த்தேன். நாங்கள் எப்போதும் 1643-ஐச் சுற்றித்தான் வெட்டிப் போடுவோம். மற்ற இடத்தை ஒருவரும் பார்ப்பதில்லை. பழைய அளவு ஒவ்வொன்றிலும் தூரத்தில் 2060-ல் கடுகளவு ஒரு மேடு இருக்கிறது. பொங்கலுக்குப் பின் எடுத்த எதிலும் இல்லை. பாலிபெப்டைடுக்கு அந்த இடத்தில் ஒரு வேலையும் கிடையாது.

நூலகத்தில் தேடினேன். 2060-ல் அதிரும் உப்பு ஒன்று இருக்கிறது. தயோசயனேட் என்று பெயர். மனித உடம்பில் அது எதில் தாராளமாக இருக்கும் என்றும் கட்டுரையில் போட்டிருந்தார்கள்.

அதை இங்கே எழுதமாட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

சுடிதார்களைத் துவைத்தேன். கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இரண்டு தடவை.

பிப்ரவரி 5, வியாழன்

சாலமோனை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை.

"நான் ஏன் ஃபைலோட நிக்கேன்னு நெனச்சீங்கக்கா?"

"அது தெரியும்டா. அதுதான் பீக்னு தெரியுமா?"

அவன் வாயைத் திறந்தவன் மூடவில்லை. "நம்ம பேப்பர் எல்லாம்?" என்றான்.

"எல்லாம்."

"உங்க தீசிஸு?"

ஏழு வருஷம். எத்தனை மாணவர்கள் அந்த வைரத்தைச் சுற்றி நின்றிருக்கிறோம். எல்லோரும் முகத்தைத் துடைத்திருக்கிறோம். நம் முகத்தில் விழுவது பக்கத்தில் இருக்கும் வைரத்திலும் விழுமே என்று ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் யார் சொல்வது? ஒரு பெரிய மனுஷரிடம், குருவிடம், அந்த வார்த்தையை எந்த வாயால் சொல்வது? என் மேல்தான் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

"மேடம் வர்ற அன்னைக்கு நீங்க குனிஞ்சு ஒரு தும்மல் போட்டுருங்கக்கா. டிகிரி வந்துரும்" என்றான் சாலமோன்.

நல்ல யோசனைதான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்படுகிறேன்.

பிப்ரவரி 7, சனி

யாரும் இல்லாத நேரத்தில் போனேன். உலர்ந்த மாதிரியை வைத்தேன். மேலே குனிந்து, "பப்பாளி, பம்பரம், பாப்பாக்குடிப் பஞ்சாயத்து" என்று உரக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை. மறுபடி, துறைத்தலைவரை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

வந்தது. 1643. அழகாக, நிமிர்ந்து. 2060-ல் கடுகும் இருந்தது.

ஒரு நொடி எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாலு வருஷத்தில் சார் இல்லாமல் எனக்கு வந்த முதல் முகடு. அப்புறம் உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாரிடம் சொல்லிவிடுவது என்று அறைக்குப் போனேன். பாராட்டு விழா மலருக்குப் படம் எடுத்திருந்தார்கள். எனக்குக் காட்டினார். படத்தில் பல் தெரியச் சிரிக்கிறார், பின்னால் சுவரில் சட்டம் போட்ட முகடு.

"நல்லாருக்கா பிள்ள?"

"நல்லாருக்கு சார்."

திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

டாக்டர் அலமேலுமங்கை காலையிலேயே வந்துவிட்டார். ஒல்லியான அம்மாள், பருத்திச் சேலை, கையில் சொந்த நாற்காலி மெத்தை. மதியம் வரை எடுத்தோம். சார் குனிந்து குனிந்து பேசினார். ஒவ்வொரு முறையும் சுருள் மட்டும்தான். சாலமோன் என்னைப் பார்த்து மூக்கைத் தொட்டுக் காட்டினான். தும்மலாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாருக்கு வேர்த்துவிட்டது. "இந்தக் கட்டுப்பல்லு வேற. மனசுல உள்ளதப் பேச விடமாட்டேங்கு" என்று சொல்லி, திரும்பி நின்று பல்செட்டைக் கழற்றினார். கைக்குட்டையில் பொதிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பழைய சார் வந்துவிட்டார். மேடத்தைப் பார்த்து, "இப்பப் பாருங்கம்மா!" என்றார். மேடம் கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது புரிந்தது. நான் தும்ம வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம். ஒன்றுமே செய்ய வேண்டாம். நாலு வருஷமாக நின்றதுபோலச் சும்மா நின்றால் போதும், வேலையும் பட்டமும் தானாக வந்து வைரத்தின் மேல் விழும். ஆனால் கோவில்பட்டிக் கல்லூரியில் கரும்பலகை முன் நிற்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். மூன்றாவது வடிவம் என்று நான் எழுத, அறுபது பெண்கள் குனிந்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.

சார் குனிவதற்குள், கையில் கிடைத்த கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து மாதிரியின் மேல் மூடினேன்.

"ஏம்மா மூடுத?"

"தூசி சார்."

"அதுவுஞ் சரிதான்" என்று சொல்லிவிட்டு, தட்டுக்கு மேலேயே குனிந்து பேச ஆரம்பித்தார். இன்றைக்குப் பேசியதுபோல அவர் என்றைக்கும் பேசியதில்லை. "வாப்பா, என்னப் பெத்தவனே! பாவம் இந்தப் பிள்ள, நாலு வருசம் பட்டினியும் பசியுமா ஒம் பின்னாலயே அலையுது. அவளுக்காவப் புரண்டு படுப்பா!" எனக்காகக் கெஞ்சினார். நான் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தட்டை எடுத்தேன். அளந்தோம். வரவில்லை.

சார் சுவரில் சாய்ந்துவிட்டார். மேடம் மட்டும் என் கையிலிருந்த தட்டையே பார்த்தார். அதன் மேலே பொட்டுப் பொட்டாகப் பளபளத்தது. தன் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கடுமை போன குரலில், "வைரத்தைத் துடைச்சிட்டு, அந்தத் தட்டுல இருக்கறதை வைம்மா" என்றார்.

துடைத்தேன். தட்டைச் சாய்த்து ஒரு சொட்டை வைரத்தில் இறக்கினேன். திரையில் 1643 கோபுரம்போல எழுந்தது.

"வந்துட்டு!" சார் துள்ளினார். "ஏ செண்பகம், வந்துட்டு பாரு! நான் சொன்னேன்லா? பாருங்கம்மா, பாருங்க!" எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றது.

"சாம்பிள் எங்க?" என்றார்.

"சாம்பிளே வைக்கல சார்."

"பின்ன வைரத்துல இருக்கது?"

"உங்களுது சார்."

சார் திரைக்கு அருகே போய், முழு நீளத்துக்கும் விரித்து, 2060-ல் இருந்த மேட்டைப் பார்த்தார். அவருக்கு நூலகம் தேவைப்படவில்லை.

"எச்சிலு" என்றார்.

ஏழு வருஷமாக அந்த அறையில் ஒருவரும் சொல்லாத வார்த்தை. சார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்திருக்கிறார்.

"ஆவுடையப்பன் பீக்" என்றார் மேடத்திடம். "பேரு சரியாத்தாம்மா வச்சிருக்கானுவ."

பிப்ரவரி 13, வெள்ளி

மேடம் கையெழுத்துப் போடவில்லை. போகும்போது மட்டும் என் தலையில் கைவைத்து, "ஒரு வருஷம் எடுத்துக்கோ. வேற எழுது. நான்தான் தேர்வாளர்னு போடச் சொல்லு" என்றார்.

கல்லூரிக்கு ஃபோன் செய்தேன். காத்திருக்க முடியாதாம். வேலை போய்விட்டது. சாலமோனுக்குச் சொன்னேன். பந்தயத்தில் நான் இன்னும் ஜெயிக்கவில்லை என்றும், ஆய்வேடு கொடுக்கும் வரை எழுதியாக வேண்டும் என்றும், அதுவரை குடுவைகளை என்னைக் கழுவச் சொல்லியும் சட்டம் பேசுகிறான்.

பிப்ரவரி 16, திங்கள்

சார் என்னை வரச்சொன்னார். சுவரில் முகட்டுப் படம் மாட்டியிருந்த இடம் சதுரமாக வெளுத்திருந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் கடிதம் எழுத வேண்டும், நான் சொல்லுதேன், நீ டைப் பண்ணு என்றார். மற்றவர்கள் யாராவது கண்டுபிடித்து எழுதுமுன் நாமே எழுதிவிட வேண்டுமாம். ஆரம்பித்தார், நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார், நிறுத்தினார். பிறகு பல்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத வச்சிக்கிட்டு உண்மை பேச வரல பிள்ள. நீ வேணா அங்கன தள்ளி உக்காரு."

"இங்கயே இருக்கேன் சார்."

சாலமோனும் வாசலில் நின்றான். கையில் ஃபைல் இருந்தது, ஆனால் தூக்கவில்லை.

சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் பேரால் வழங்கப்படும் முகடு, பரிசோதித்துப் பார்த்ததில், முழுக்க முழுக்க என்னுடையதே என்று பணிவோடு ஒப்புக்கொள்கிறேன். இதைக் கண்டுபிடித்தது என் மாணவி செண்பகவல்லி."

டைப் செய்தேன்.

"பயப்படாத" என்றார். "அடுத்த வேலைய ஆரம்பிப்போம். நான் ரிட்டயர் ஆன பொறவும் வந்து நிப்பேன். எட்ட நிப்பேன்."

கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி கழற்றி உள்பக்கமும் துடைக்க வேண்டியிருந்தது.